ஊழியரின் உள்ளம் சோரும்போது: போதகர்களும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்மாவட்டக் கிராமச் சேகரங்களில் (ஒரே குருவானவரின் பொறுப்பில் பல சபைகள் சேர்ந்த பகுதிகளில்) 23 ஆண்டுகளாகக் குருவானவராக இருக்கிறேன். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பார்கள். 9 ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் ஞாயிறன்று, ஆராதனை முடிந்து, அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரிக்குள் போனவன் அங்கியைக் கழற்றக் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். வெளியே கேரல் ஒத்திகைக்குப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஆலயப் பணியாளரான கோவில்பிள்ளைதான் வந்து, ஒன்றும் கேட்காமல், அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். அதன்பின் 4 மாதங்கள் நான் பிரசங்க பீடம் ஏறவில்லை. மனச்சோர்வு நோய் என்றார் மருத்துவர். சிகிச்சை பெற்றுத் திரும்பினேன்.

குருமார் கூடுகை ஒன்றில் இதை வாய்விட்டுச் சொன்ன நாள் முதல் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், தாழ்ந்த குரலில். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவம் சார்ந்தவற்றை எனக்குச் சிகிச்சை தந்தவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டே எழுதியிருக்கிறேன்.

எனக்கு மனச்சோர்வு வந்தால், என் விசுவாசம் குறைவுபட்டது என்று பொருளா?

இல்லை. இதற்கு எல்லாரும் தீர்க்கதரிசி எலியாவைக் காட்டுவார்கள். நானும் அவரையே காட்டுகிறேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும் அந்த வேதாகம அதிகாரத்தில் (1 இராஜாக்கள் 19) நாம் வழக்கமாகத் தாவிச் செல்லும் வரிகளில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

கர்மேலில் அக்கினி இறங்கிய பிறகுதான் எலியா வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "நேற்று அத்தனை பெரிய அற்புதத்தைப் பார்த்தவனா நீ?" என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வியே நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. அதற்குப்பின் எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். ஓரேபில் கர்த்தர் பேசிய அந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி நாம் ஆயிரம் பிரசங்கம் செய்கிறோம். அடையையும் எலிசாவையும் விட்டுவிடுகிறோம். சோர்ந்த ஊழியனுக்கு முதலில் தேவைப்படுவது அந்த இரண்டும்தான்.

பவுலும் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போன காலம் ஒன்று ஆசியாவில் தமக்கு இருந்ததாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே சொல்கிறார். சபைக்கு எழுதிய கடிதத்தில், மறைக்காமல்.

வெறும் களைப்புக்கும் நோய்க்கும் எப்படி வேறுபாடு காண்பது?

களைப்பு தூங்கி எழுந்தால் குறையும். பண்டிகை முடிந்து நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் முகம் தெளியும். மனச்சோர்வு நோய் அப்படிப் போகாது. நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் கனத்தே இருப்பது அல்லது பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போவதுதான் அதன் முதல் அடையாளம். கூடவே தூக்கம், பசி, கவனம், உடல் வேகம் எல்லாம் மாறும். தேவையற்ற குற்ற உணர்வு வாட்டும். செத்துவிட்டால் நல்லது என்று தோன்றும்.

ஊழியருக்கு இந்த அறிகுறிகள் பக்தியின் உடையில் வருவதால்தான் நாங்கள் ஏமாறுகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். கர்த்தர் ஜெபிக்க எழுப்புகிறார் என்று நினைத்து முழங்காலில் நிற்பேன். ஒரு வார்த்தையும் வராது. வராததற்காக அழுவேன். பசியின்மையை உபவாசம் என்று எண்ணிக்கொண்டேன். "நான் பாவிகளில் பிரதான பாவி" என்று பீடத்தில் சொன்னபோது சபையார் அதைத் தாழ்மை என்று மெச்சினார்கள். அது தாழ்மை அல்ல, நோய் பேசியது. மிக முந்திய விழிப்பு, பசியின்மை, காரணமற்ற குற்ற உணர்வு ஆகிய மூன்றையும் மருத்துவர் முதல் பத்து நிமிடத்திலேயே எடுத்து என் முன் வைத்தார்.

இன்னொன்று பணிச்சோர்வு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதைத் தனி நோயாகச் சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்று வகுத்திருக்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் கசப்போ விலகலோ வருவது, நான் செய்வது எதுவும் பலிக்கவில்லை என்று தோன்றுவது ஆகியவை அதன் மூன்று முகங்கள். ஆலய மணி அடிக்கும்போது உங்களுக்குள் எரிச்சல் எழுகிறதா? வாசலில் யாரோ "ஐயா" என்று அழைத்தால் உள்ளறைக்குள் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறதா? அப்படியானால் இந்தப் பக்கம் யோசியுங்கள். கவனிக்காமல் விட்டால் இது நோயில் கொண்டுபோய் விடக்கூடும்.

எதுவானாலும் முதலில் ஒரு பொது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, இரத்தசோகை ஆகியவையும் மனச்சோர்வைப் போலவே முகம் காட்டும்.

ஊழியத்தில் அப்படி என்ன பாரம்? வாரத்துக்கு ஒருநாள் வேலைதானே?

இதைக் கேட்டவர் ஓர் இளைஞர், குற்றம் சொல்லும் எண்ணமில்லாமல் கேட்டார். ஆகவே பொறுமையாகவே சொல்கிறேன்.

ஒரு சேகரத்தில் பத்துப் பன்னிரண்டு சபைகள் இருக்கலாம். ஒரு சனிக்கிழமை எனக்கு இப்படிப் போனது: காலை எட்டு மணிக்கு ஒரு குழந்தையின் அடக்கம். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் ஐயா?" என்று கேட்டாள். பதினொரு மணிக்குப் பக்கத்து ஊரில் திருமணம். சிரித்தபடி வாழ்த்துரை சொன்னேன். மாலை நான்கு மணிக்குப் பரிபாலனக் கமிட்டி. கல்லறைத் தோட்டச் சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு கட்சிகள். ஏழு மணிக்கு ஆயத்த ஆராதனை. இரவு ஞாயிறு பிரசங்கக் குறிப்பு. அந்தத் தாயின் கேள்வியை எடுத்துப் பார்க்க அந்த நாளில் எங்கும் இடமில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி எடுத்துப் பார்க்காமல் வைத்தவை உள்ளே சேர்கின்றன.

இதோடு மொட்டைக் கடிதங்கள். பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வரும் மாற்றல் உத்தரவு. சொந்த வீடில்லாமல், சபை தரும் வீடான குருமனையில் வாழ்ந்து, ஓய்வுபெறும் நாளில் எங்கே போவது என்ற பயம். தனித்து ஊழியம் செய்யும் பாஸ்டர்களுக்கோ மாதச் சம்பளமே கிடையாது. காணிக்கை குறைந்த மாதம் ஆராதனைக் கூடத்துக்கு வாடகை கட்டினால் வீட்டுக்கு அரிசி வாங்க முடியாது. அவர்களுக்கு மேலே பேராயரும் இல்லை, பக்கத்தில் சக குருவும் இல்லை. திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் 1903-இல் தொடங்கிய காலத்திலிருந்து, இங்கிருந்து மொழி தெரியாத தூர மாநிலங்களுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் கூட்டங்களில் சாட்சி சொல்லும்போது ஞானஸ்நானக் கணக்கைத்தான் கேட்கிறோம். "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று நான் ஒரு மிஷனெரித் தம்பியிடம் கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் வெகுநேரம் தரையைப் பார்த்தார்.

மாத்திரை சாப்பிடுவது தேவனை நம்பாததற்கு அடையாளம் ஆகாதா?

பவுலோடு கடைசிவரை இருந்தவர் பிரியமான வைத்தியனாகிய லூக்கா. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கைவைத்து ஜெபிக்கச் சொல்லவில்லை, அன்றைய வழக்கத்தில் மருந்தாகப் பயன்பட்ட திராட்சரசத்தைக் கொஞ்சம் குடிக்கச் சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஐயரை யாரும் அவிசுவாசி என்பதில்லை. மூளையும் உடலின் உறுப்புதான்.

நடைமுறையைச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் வரலாம். அதைக் கண்டு பயந்து பத்தாம் நாள் நிறுத்திவிட்டு, "மருந்தும் கைவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். இவை மதுவைப் போல அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு எல்லாம் வரும். ஆகவே மருத்துவர் சொல்லியே, படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஓர் எழுப்புதல் கூட்டத்தின் உணர்ச்சி வேகத்தில் மாத்திரைகளை வீசியெறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று வாரத்தில் முன்பைவிட மோசமாக விழுந்தார். அந்த மேடையில் "மருந்துகளைத் தூக்கி எறியுங்கள்" என்று முழங்கியவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

எல்லாருக்கும் மாத்திரை வேண்டியதில்லை. லேசான நிலையில் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரோடு பல வாரம் பேசுவதே போதுமானதாக இருக்கலாம்.

யாரிடம் போவது? சபையார் பார்த்துவிட்டால் என்ன ஆகும்?

முதல் படி ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை, இரவும் உண்டு. பெயர் தெரிந்த மருத்துவமனை வாசலில் நிற்க வெட்கப்படுகிறவருக்கு இதைவிட எளிய வாசல் இல்லை. இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம்.

நேரில் போக, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. திருச்சபையின் ஊழியமாக வளர்ந்த மருத்துவக் கல்லூரியே மனநலத்துக்கென்று ஒரு மையம் நடத்துகிறது என்பதை, "இது உலகத்தாரின் வழி" என்று சொல்கிறவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்கள் நோய்பற்றிய செய்தியை இரகசியமாகக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உடல் நோய்க்குத் தரும் அளவிலேயே மன நோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சபையார் பார்த்தால்? என்னைப் பார்த்தார்கள். மருத்துவமனை வரிசையில் எனக்கு மூன்று ஆள் முன்னால் எங்கள் பாடகர் குழுத் தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு கணம் திகைத்தோம். பிறகு அவர் எழுந்து வந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "நானும் இரண்டு வருஷமாக வருகிறேன் ஐயா" என்றார். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நம் சபையின் பெஞ்சுகளை அந்தக் கணக்கோடு எண்ணிப் பாருங்கள்.

இது பிசாசின் கிரியையாக இருந்தால்? விடுதலை ஜெபம் போதாதா?

ஜெபியுங்கள். நானும் ஜெபிக்கிறேன். எண்ணெய் பூசி ஜெபிக்கக் கேட்டால் போகிறேன். ஆனால் ஜெபத்தை மருத்துவத்துக்கு எதிராக நிறுத்தாதீர்கள். குரல் கேட்கிறது, யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொல்லும் பிள்ளைக்கு ஆறுமாதம் சிகிச்சை தள்ளிப்போனால், அந்த ஆறுமாதத்தை அவன் திரும்பப் பெறுவது கடினம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அது வேறொரு சமயத்தாரின் தலத்தை ஒட்டி நடந்தது என்று நாம் விலகிக்கொள்ள முடியாது. ஜெப வீடு என்ற பெயரில் சன்னலோடு ஒரு வாலிபனைக் கட்டிவைத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த வடிவத்திலும் மனநோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று இன்று சட்டம் தடுக்கிறது. சட்டம் வருமுன்பே அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதரேனர் நாட்டில் சங்கிலிகளால் கட்டப்பட்டிருந்த மனிதனிடம் போனவரைத்தானே நாம் ஆண்டவர் என்கிறோம்.

எங்கள் போதகர் சோர்வாக இல்லை, அளவுகடந்த உற்சாகத்தில் இருக்கிறார். அதுவும் கவலைப்பட வேண்டியதா?

ஆம், சில வேளைகளில் மிகவும். இந்தக் கேள்வி வந்தது ஒரே ஒருமுறை, ஒரு மூப்பரிடமிருந்து. ஆனாலும் இதை இங்கே சேர்க்காமல் இருக்க மனமில்லை.

பத்து நாளாக இரண்டு மணி நேரத் தூக்கம், ஆனால் களைப்பே இல்லை. பேச்சு அருவி போலக் கொட்டுகிறது. நடு இரவில் மூப்பர்களை எழுப்பி, உலகத்தையே அசைக்கும் தரிசனம் கிடைத்ததாகச் சொல்கிறார். மனைவியின் நகையை அடகுவைத்து ஐயாயிரம் பேர் அமரும் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார். தடுத்தால் கடும் கோபம். சபை இதை அபிஷேகம் என்று கொண்டாடும். இது இருதுருவ மனநோயின் ஏற்றக் கட்டமாக இருக்கலாம். இந்த ஏற்றத்துக்குப்பின் வரும் இறக்கம் மிக ஆழமானது. இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, ஒழுங்காக எடுத்தால் பல்லாண்டு நிலையாக வாழலாம். ஒன்றை மறக்காதீர்கள்: மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் போகும்போது, முன்பு எப்போதாவது இப்படி ஓர் ஏற்றம் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சோர்வுக்கான மருந்தை மட்டும் தந்தால் அது அந்த ஏற்றத்தைத் தூண்டிவிடலாம்.

என் கணவர் ஊழியர். தூங்குவதில்லை, பேசுவதில்லை. நான் என்ன செய்வது?

அம்மா, "விசுவாசத்தில் பலப்படுங்கள்" என்று அவருக்கு வசனம் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த வசனங்களை அவரே ஊருக்குச் சொன்னவர். இப்போது ஒவ்வொன்றும் அவர்மேல் கல்லாக விழும். "நீங்கள் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது, கொஞ்சம் கஞ்சி குடியுங்கள்" என்பது மேல். "நாளை பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்கிறோம், நானும் வருகிறேன்" என்பது இன்னும் மேல். தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார். என் மனைவி அப்படித்தான் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டு என்னை எழுப்பினாள்.

அவருக்காக எல்லாரிடமும் பொய் சொல்லிச் சொல்லி நீங்கள் ஓய்ந்துபோகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நம்பத்தக்க ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவையுங்கள்.

ஐயரம்மாவுக்கே இந்த நோய் வந்தால்?

இதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். மிஷனெரி வில்லியம் கேரியை எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி டாரதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்தியாவுக்கு வர அவர் முதலில் மறுத்தவர். கடைசி நேரத்தில், கைக்குழந்தையோடு 1793-இல் கப்பலேறினார். வந்த மறு ஆண்டு, வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் டாரதியின் மனம் திரும்பவில்லை. கணவர் தமக்குத் துரோகம் செய்வதாக நம்பி, தெருவில் நின்று கத்தினார். அறைக்குள் அடைக்கப்பட்டே ஆண்டுகள் கழிந்தன. 1807 டிசம்பரில் செராம்பூரில் இறந்தார். பக்கத்து அறையில் கேரி வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

கேரியை நான் பழிக்கவில்லை. அந்தக் காலத்தில் தரக்கூடிய மருந்து எதுவும் இல்லை, டாரதியை மனநோயாளர் விடுதியில் தள்ளிவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் இன்று மருந்து இருக்கிறது. இன்றும் ஐயரம்மாக்கள், ஊர் ஊராக மாறி, ஒரு தோழிகூட நிலைக்காமல், பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் சிரித்த முகத்தோடு தலைமை தாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். குழந்தை பிறந்த பின் வரும் மனச்சோர்வை "உடம்பு அசதி" என்று ஒதுக்கிவிடுகிறோம். உங்களுக்கு அழைப்பு இருந்ததா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உங்கள் நலனைப் பற்றி நீங்களே கேட்டுக்கொள்ள உரிமையுண்டு, அம்மா. கணவருக்கு மாற்றல் வந்தாலும் உங்கள் மருத்துவரை மாற்றாமல் தொடர வழி பாருங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

என்னிடம் சொன்னது போல இன்னொருவரிடம் இன்றே சொல்லுங்கள். மனைவி, அண்ணன், பழைய நண்பர், யாரானாலும் சரி. 14416-ஐ இப்போதே அழையுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். அந்த எண்ணம் திட்டமாக மாறிவிட்டது என்றால் உடனே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

இந்த எண்ணம் நோயின் அறிகுறி. காய்ச்சலில் உடல் கொதிப்பது போல. சிகிச்சையில் தணியும். எனக்குத் தணிந்தது. "சட்டம் தண்டிக்கும்" என்ற பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, தண்டிக்காமல் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டும் என்கிறது முன்பு சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் (2017-இல் இயற்றப்பட்டது) 115-ஆம் பிரிவு.

சபையாருக்கு ஒரு சொல். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயந்து கேட்காமல் இருக்காதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பது ஆபத்தை உண்டாக்காது. பெரும்பாலும் அது ஒரு கதவைத் திறக்கும். இழப்பு நடந்துவிட்ட வீட்டிலோ தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1662-இன் இங்கிலாந்துத் திருச்சபை ஜெபப் புத்தகம் தற்கொலை செய்தவருக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தடை இருந்தது, 1983-இன் புதிய சட்டத்தில் அது எடுக்கப்பட்டது. சுவருக்கு வெளியே புதைக்கச் சொன்ன அந்தப் பழைய கடினம் நம் கிராமங்களில் இன்னும் சில வாய்களில் இருக்கிறது. பிள்ளையை இழந்த தாயின் முன் அதை எடுக்காதீர்கள்.

"முடிவுபரியந்தம் நிலைநிற்க வேண்டும்" என்கிறதே வேதம்? ஓய்வெடுப்பது பின்வாங்குவதாகாதா?

நிலைத்து நின்றவர்களின் வாழ்க்கையைக் கிட்டே போய்ப் பார்த்தால், அவர்களை யாரோ பிடித்துக்கொண்டிருந்தது தெரியும்.

மோசே அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் சூரியன் மறையும்வரை கைகளை உயர்த்தியே இருந்தார். எப்படி? கைகள் அசந்துபோனபோது கல்லை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் மறு பக்கம் தாங்கினார்கள். உட்கார்ந்தே நிலைத்தார்.

பர்மாவுக்கு மிஷனெரியாகப் போன அதோனிராம் ஜட்சன் 1826-இல் மனைவி ஆனையும், அடுத்த ஆண்டு சிறு மகள் மரியாவையும் பறிகொடுத்தார். அதன்பின் காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனித்து வாழ்ந்தார். தமக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர்தான் 1834-இல் பர்மிய வேதாகமத்தை முடித்தார்.

இலண்டனில் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 22 வயதில், 1856 அக்டோபர் 19 அன்று, ஒரு மண்டபத்தில் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவர் நொறுங்கிப்போனார். அன்றிலிருந்து சாகும்வரை மனச்சோர்வு அவரை விட்டு விட்டுத் தாக்கியது. அவர் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: ஊழியத்துக்கு ஆயத்தமான மாணவர்களுக்கு முன்னால் நின்று, இது உங்களுக்கும் வரும் என்று வெளிப்படையாகப் போதித்தார். நம் வேதாகமக் கல்லூரிகளில் இதற்கு எத்தனை வகுப்பு ஒதுக்குகிறோம்?

கடைசியாக ஒருவர். "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்று நாம் தமிழில் பாடுகிறோமே, அதன் ஆங்கில மூலத்தை எழுதிய வில்லியம் கூப்பர் வாழ்நாள் முழுவதும் கடும் மனநோயால் துன்பப்பட்டவர். 1763-இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். மருத்துவர் நத்தானியேல் காட்டனின் மனநல விடுதியில் தங்கியிருந்தபோதுதான் அவருக்குச் சுவிசேஷத்தின் வெளிச்சம் கிடைத்தது. ஜெபக்கூட்டத்தில் அல்ல, மருத்துவமனையில். நோய் மறுபடி மறுபடி வந்தது. 1773-இல் வந்தபோது ஆல்னி ஊரின் போதகர் ஜான் நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் முழுவதும் குணமாகவில்லை. 1800-இல் இருளிலேயே இறந்தார். சாட்சிக் கூட்டத்தில் சொல்லத்தக்க வெற்றி முடிவு இல்லை. ஆனாலும் நற்கருணை வேளையில் நாம் பாடுவது அவர் பாட்டைத்தான். அவரை அத்தனை ஆண்டு உயிரோடு வைத்திருந்ததில் நியூட்டனுக்கும், அவரைப் பராமரித்த மேரி அன்வினுக்கும் பங்குண்டு.

ஆகவே, ஓய்வெடுப்பது பின்வாங்குதல் அல்ல. சங்கீதம் 88 நண்பர்கள் விலகிப்போன வேதனையிலேயே முடிந்துவிடுகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. தனியாக விடப்பட்ட ஊழியரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கீதம்தான் நினைவுக்கு வரும்.

கமிட்டியாக நாங்கள் என்ன செய்யலாம்?

திங்கட்கிழமையை அவருக்கு விடுங்கள். உண்மையாகவே விடுங்கள். அடக்கம் தவிர வேறு எதற்கும் குருமனைக் கதவைத் தட்டாதீர்கள். மருத்துவ விடுப்பு கேட்டால் "என்ன நோய்?" என்று கமிட்டியில் விவாதிக்காதீர்கள். சம்பளத்தைத் தாமதிக்காதீர்கள். மொட்டைக் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துவிடுவோம் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பிரசங்கத்தைப் பாராட்ட வேண்டியதில்லை, "ஐயா சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாலே போதும்.

சபையில் ஒருவர் தம் மனநோயை என்னிடம் சொன்னால் நான் எப்படி நடக்க வேண்டும்?

கேளுங்கள். இரகசியம் காத்திடுங்கள். அதை ஜெப விண்ணப்பமாகக்கூட அறிவிக்காதீர்கள். பெயர் சொல்லாமல் பிரசங்க உதாரணமாகவும் ஆக்காதீர்கள், ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மருத்துவரிடம் முதல் முறை கூடவே போங்கள்.

நீங்கள் இப்போது முழுவதும் குணமாகிவிட்டீர்களா?

நான்காம் ஆண்டில், லெந்து என்னும் தவக்கால நாட்களில், மறுபடி வந்தது. இந்த முறை மூன்று மணி விழிப்பை நான் அடையாளம் கண்டுகொண்டேன். ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் போய்விட்டேன். பெரிய வெள்ளி ஆராதனையில் பிரசங்கிக்கும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றைப் பக்கத்துச் சேகரத்து ஐயர் வந்து எடுத்துக்கொண்டார். மீதியை நான் உட்கார்ந்துகொண்டே பேசினேன். சபையார் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் இரவில் ஒரு மாத்திரை எடுக்கிறேன்.

என்னோடு முன்பு ஊழியம் செய்த உபதேசியார் (குருவானவருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கும் ஊழியர்) ஒருவர், ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. திங்கட்கிழமை தோறும் மாலையில் அழைத்து, "ஐயா, இந்த வாரம் தூங்கினீர்களா?" என்று கேட்பார். வேறொன்றும் கேட்கமாட்டார். நான் மழுப்பினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்போது மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து, குருமனைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.